நோயுற்ற மூளையும் இசையும்



மூளையிலுள்ள இரத்தக் குழாய் வெடித்துக் குருதி கசிவதுண்டு. அது அடைபட்டுக் குருதியோட்டம் தடைப்படுவதும் உண்டு. இவ்விரண்டினாலும் விளைவதையே பாரிசவாதம் என்கிறோம். உயிர் தப்பி வீடு திரும்புபவருக்குக் கைகால் மட்டுமன்றி, பேச்சும் நினைவும் மனவுற்சாகமும் குன்றிவிடலாம். அத்தகையவருக்குச் சங்கீதம் துணைசெய்யுமா என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

விசாரியோன் ஷெபாலின் என்பவர் ருஷ்ய நாட்டுச் சாஸ்திரீய இசையமைப்பாளர். 1953ஆம் ஆண்டிலும் 1959ஆம் ஆண்டிலும் பாரிசவாதம் அவரைத் தாக்கிற்று. பின்னர், பிறர் கூறுவதை விளங்கிக்கொள்வதும், தாம் எண்ணியதைச் சொல்வதும் அவருக்குப் பெரும்பாடாயின. ஆயினும் இசை அவரை விட்டு நீங்கவில்லை. தமது ஐந்தாவது சிம்பொனியை 1962இல் இயற்றினார், மறுவருடம் காலமானார். அவருடைய நிலையை லூரியா முதலிய அறிஞர்கள் ஆராய்ந்து 1965இல் வெளியிட்டனர்.

சொல் போனபின்னும் இசை நிலைத்தது எங்ஙனம்? பேச்சை ஆளும் பகுதி பெரும்பாலோருக்கு மூளையின் இடப்பாதியில் உள்ளது. பிரெஞ்சு வைத்தியர் புரோக்கா 1861இல் இதற்கு வழிகாட்டினார். இசையோ இரு பாதிகளிலும் பரந்து நிற்பது. ஆதலின் ஒரு சொல்லும் பேசவியலாத நோயாளர் சிலர், பழகிய பாட்டொன்றைச் சொற்களோடு பாடிவிடுகின்றனர். இதனைக் கருவியாகக் கொண்டு, 1973இல் அமெரிக்க அறிஞர் மூவர் ஒரு பயிற்சி முறையை வெளியிட்டனர். சிறு வாக்கியங்களை இராகம்போல் இழுத்துச் சொல்லி, இடக்கையால் தாளம் தட்டிப் பழகி, படிப்படியாக இயல்பான பேச்சுக்கு வருவதே அம்முறை.

பாடவேண்டும் என்பதில்லை, கேட்டலும் பயன் தரும். பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் நடந்த ஆய்வொன்று 2008இல் வெளியாயிற்று. நோயாளர் 60 பேர் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினர் தாமே விரும்பித் தெரிந்த இசையை இரண்டு மாதம் நாள்தோறும் கேட்டனர். இன்னொரு குழுவினர் நூல் வாசிப்பின் ஒலிப்பதிவைக் கேட்டனர். மூன்றாங் குழுவினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டுமே. மூன்று மாத முடிவில், சொற்களை நினைவிற் கொள்ளும் ஆற்றல் இசை கேட்டவரிடம் நூற்றுக்கு 60 அளவு உயர்ந்தது, நூல் கேட்டவரிடம் 18, மற்றவரிடம் 29. இசை கேட்டவர்க்கு மனச்சோர்வும் குறைந்திருந்தது.

இவ்வாய்வு குழாய் அடைபட்ட நோயாளரிடையே நடந்தது என்பதை மறத்தலாகாது. குருதி கசிந்தவருக்குத் தொடக்க நாட்களில் அமைதியும் ஓய்வுமே முதன்மை. ஆகவே வைத்தியரின் அனுமதி பெற்றே தொடங்குதல் வேண்டும். மருந்துக்கும் உடற்பயிற்சிக்கும் இசை ஈடாகாது. அவற்றுக்குத் துணையாக மட்டுமே நிற்கும்.

ஹெல்சிங்கி நோயாளர் கேட்டது அவரவர் விரும்பிய இசையே. நாதஸ்வரத்தில் ஈடுபாடுள்ளவருக்கு நாதஸ்வரமும், தேவாரத்தில் மனங் கரைபவருக்குத் தேவாரமுமே ஏற்றவை. நமக்குப் பிடித்ததை அவர்மீது சுமத்தலாகாது. ஒலி மெல்லியதாக இருக்கட்டும், களைத்தால் நிறுத்திவிடுங்கள்.

பேச்சிழந்தவர் முன்னே என் செய்வதென்றறியாது வீட்டார் வாய்மூடி அமர்ந்திருப்பதுண்டு. அவருடைய பேச்சு நின்றதேயன்றி, உள்ளம் நின்றுவிடவில்லை. அவருக்குப் பிடித்த பாட்டொன்றை அருகிலிருந்து மெல்லப் பாடுங்கள். அவர் இதழ் அசைகின்றதா என்று பொறுமையோடு பாருங்கள்.