வல்லாரைக்கு எத்தனை பெயர்?



மூலிகைப் பெயர்கள் என்று இந்தச் சொற்பொழிவின் அழைப்பிதழில் பார்த்ததும், நூறு செடிகளின் பட்டியலோடு வந்திருப்பான் என்று சிலர் அஞ்சியிருக்கலாம். நான் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு கீரை: வல்லாரை.

வாய்க்கால் ஓரத்து ஈரத்தில் தரையோடு படரும். கணுவுக்குக் கணு வேர்விடும். நீண்ட காம்பின் நுனியில், விளிம்பு நெளிந்த வட்ட இலை ஒன்று. அந்த இலையைப் பார்த்தே கன்னடர் 'ஒந்தெலக' என்றார்கள், ஒற்றை இலை என்று. கொங்கணியில் 'ஏக்பான்னி' என்பதும் அதுவே. வடமொழி அதில் தவளையைக் கண்டு 'மண்டூகபர்ணி' என்றது. தெலுங்கர் இலையை விட்டுப் பயனைப் பார்த்து 'சரஸ்வதி ஆக்கு' என்றார்கள். நம்மிடமும் சரஸ்வதிக் கீரை என்ற வழக்கு உண்டு. மலையாளத்தில் குடங்ஙல், முத்தில், துளுவில் திமரே, ஒடியாவில் தால்குடி, வங்காளத்தில் தான்குனி, அசாமில் மணிமுனி, சிங்களத்தில் கொட்டுகொல.

இத்தனை பெயரால் யாருக்கும் கெடுதல் வந்ததில்லை. அசாமியப் பெண் மணிமுனி பறிக்கப்போய் வேறு கீரையோடு திரும்புவதில்லை. கெடுதல் வந்தது, பல பெயர்களையும் ஓரங்கட்டிவிட்டு வந்த ஒரு பெரிய பெயரால். அதுதான் 'பிரம்மி'.

கேரளத்திலும் வங்காளத்திலும் பிரம்மி என்றால் நம் நீர்ப்பிரமி. சிறிய, தடித்த, நெளிவில்லாத இலைகள் தண்டின் இருபுறமும் எதிரெதிரே நிற்கும், நல்ல கசப்பு. வங்காளிகள் அதைக் கீரையாகவே உண்கிறார்கள். ஆனால் மகாராஷ்டிரத்திலும், வடக்கே பல சந்தைகளிலும் பிரம்மி கேட்டால் வல்லாரையை நீட்டுவார்கள். இரண்டும் ஈரத்தில் படர்பவை, இரண்டுமே நினைவாற்றலுக்குப் பேர்போனவை. உறவு அவ்வளவுதான். வல்லாரை, கொத்தமல்லியும் கேரட்டும் சேர்ந்த குடும்பம். தாவரவியலார் அதைச் சென்டெல்லா ஏசியாட்டிகா என்பார்கள். நீர்ப்பிரமி, பக்கோப்பா மொன்னியேரி, வேறு குடும்பம். முன்னதில் உள்ள வேதிப்பொருள் ஏசியாட்டிகோசைடு, பின்னதில் பக்கோசைடுகள். ஒன்றை ஆராய்ந்து கண்ட பலனை மற்றொன்றின் புட்டியில் ஒட்டி விற்பது எந்த நியாயத்தில் சேரும்?

பழைய நூல்கள் இப்படிக் குழம்பவில்லை. சரக சம்ஹிதை அறிவை வளர்ப்பவை என்று நான்கைத் தனியே சொல்லும்போது மண்டூகபர்ணியின் சாற்றைத்தான் சொல்கிறது. இன்றைய இந்திய ஆயுர்வேத மருந்தியல் நூலும் பிரம்மி என்றால் பக்கோப்பா, மண்டூகபர்ணி என்றால் சென்டெல்லா என்று பிரித்தே வைத்திருக்கிறது. குழம்பியது சந்தை. சரகர் சொன்ன அந்த நான்கில் ஒன்றான சங்கபுஷ்பியின் நிலை இன்னும் மோசம்: ஓரிடத்தில் ஒருவகைக் கொடி, மற்றோரிடத்தில் விஷ்ணுகிரந்தி, கேரளத்தில் நம் வேலியோரத்துச் சங்குப்பூ!

பெயர்களைக் கவனமாகச் சேர்த்தவர்கள் நம்மிடையே இருந்தார்கள். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ் என்ற மலபார்த் தாவர நூலுக்கு, செடிகளையும் அவற்றின் மலையாளப் பெயர்களையும் சொல்லித் தந்தவர் இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர். டச்சு ஆளுநர் வான் ரீடின் பெயர் அட்டையில் இருக்கிறது. அறிவு அச்சுதனுடையது என்றே நான் கொள்கிறேன்.

சென்னைக்கும் இதில் பங்குண்டு. 1850களில் சென்னைத் தொழுநோய் மருத்துவமனையில் வல்லாரையைக் கொடுத்துப் பார்த்தார்கள். நோயை அடியோடு தீர்க்கும் மருந்தாக அது நிலைபெறவில்லை. ஆனாலும் 1868இல் வந்த இந்திய மருந்தியல் நூலில் இடம் பிடித்தது. அடுத்த ஆண்டே, சென்னையில் பணிபுரிந்த மருத்துவர் மொகிதீன் ஷெரீப் அந்நூலின் மருந்துப் பொருள்களுக்கு இந்திய மொழிப் பெயர்களைத் தொகுத்து அச்சிட்டார். தமிழ், தெலுங்கு, தக்கனி, மலையாளம், கன்னடம், வங்காளம், மராத்தி, சிங்களம், பர்மியம் என்று நீளும் தொகுப்பு. கடையில் எந்தப் பெயரைக் கேட்டால் எந்தச் சரக்கு கைக்கு வரும் என்பது ஒரு மருத்துவரின் கவலை. அகராதிக்காரர்களுக்கு அந்தக் கவலை அவ்வளவாக இருப்பதில்லை (இங்குள்ள தமிழாசிரியர்கள் பொறுத்தருள்க).

நாடு முழுமைக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டால் சிக்கல் தீரும் என்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரே பெயர் வைத்ததால் வந்த சிக்கலைத்தானே இவ்வளவு நேரம் சொன்னேன்? புட்டியின் மேல் தாவரவியல் பெயர் கட்டாயம் வேண்டும். அதன் பக்கத்திலேயே, விற்கிற ஊரில் வழங்கும் பெயரும் வேண்டும். தமிழ்நாட்டில் விற்பது வல்லாரை என்றால் வல்லாரை என்றே அச்சிடுங்கள். பிரம்மி என்ற பெருமை அதற்குத் தேவையில்லை.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்ச் செடிகளின் பெயர்களைச் சேருங்கள். பெயரோடு எந்த ஊர், யார் வழக்கு என்பதையும் குறியுங்கள். உலர்த்திய செடி ஒன்றையும் தாளில் ஒட்டி வையுங்கள். தமிழ்த் துறையும் தாவரவியல் துறையும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை இது. அடுத்த ஆண்டுச் சொற்பொழிவுக்குள் ஒரு வட்டத்துக்காவது முடித்துக் காட்டுங்கள்.