அன்னப் பார்ப்பும் அதிசாரம் ஐந்தும்



திருத்தக்கதேவர் அருளிய சீவக சிந்தாமணியின் முத்தி இலம்பகத்தில் ஒரு முற்பிறவி வரலாறு வருகிறது. அசோதரன் என்னும் அரசகுமரன் தாமரைப் பொய்கையில் கண்ட அன்னப் பார்ப்பு ஒன்றைப் பிடித்துவந்து, பொற்கூட்டில் வைத்து, இனிய உணவூட்டி வளர்த்தான். அவன் அதனை அடிக்கவுமில்லை, பட்டினியிடவுமில்லை. ஆயினும் தாயையும் இனத்தையும் பிரித்த வினை அவனைத் தொடர்ந்தது. அவனே சீவகனாகப் பிறந்து, தந்தையை இழந்து, ஈன்றவளைப் பிரிந்து, பிறர் மனையில் வளர நேர்ந்தது என்று சாரணர் உரைக்கின்றார். கொடுமை செய்தவன் கதையன்று இது. அன்பு செய்தவன் கதை. ஆதலால்தான் உயிரிரக்கம் உடையோர் அனைவரும் சற்று நின்று கேட்கத்தக்கது.

தகடூர் என்னும் தருமபுரிக்கும் நம் சமயத்துக்கும் உள்ள தொடர்பு பழையது. போளூரை அடுத்த திருமலையில், எழினி நிறுவிய இயக்கன், இயக்கி திருவுருவங்களைத் தகடூர் மன்னன் விடுகாதழகிய பெருமாள் புதுப்பித்த செய்தியை அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. இன்று பணியின் பொருட்டும் வாணிகத்தின் பொருட்டும் அம்மாவட்டத்தில் வாழும் குடும்பங்களின் வாயிலில், கால் வளைந்த வாத்துக் குஞ்சொன்று வந்து சேர்வது நடக்கக்கூடியதே. காவலுக்காகத் தோட்டங்களில் வளர்க்கப்படும் பெரிய வாத்தினம் உண்டு. பண்ணையாளர் ‘கூஸ்’ என்பர். அதன் குஞ்சு நடக்க இயலாதாயின் விலைபோகாது, ஒதுக்கப்படும். இரக்கமுள்ள ஒருவர் எடுத்துவருவார். அதன்பின் செய்ய வேண்டியது யாது?

தத்துவார்த்த சூத்திரம் ஏழாம் அத்தியாயத்தில் அகிம்சை அணுவிரதத்துக்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறது: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல். இவற்றுள் முதலாவதும் இறுதியுமே இக்குஞ்சின் கால்களோடு நேரே தொடர்புடையன.

இறுதியானதை முதலில் காண்போம். உணவைத் தடுப்பது என்றால் தட்டை வெறுமையாக வைப்பது மட்டுமன்று. வாத்தினக் குஞ்சுகளுக்கு நியாசின் என்னும் உயிர்ச்சத்து கோழிக்குஞ்சுகளைவிட மிகுதியாக வேண்டும். இறைச்சிக்கோழிக் குஞ்சுக்குத் தீவனக் கிலோவுக்கு 35 மில்லிகிராம் போதும் எனில், இக்குஞ்சுக்கு முதல் நான்கு வாரங்களில் 65 மில்லிகிராம் தேவை. அது குறைந்தால் கணுக்கால் வீங்கும். கால்கள் வில்லாக வளையும். குஞ்சு அமர்ந்தே கிடக்கும். தருமபுரி மண்ணின் உணவு கேழ்வரகு. மனிதருக்கு அருமையான தானியம்; ஆனால் அதில் கிலோவுக்குப் பன்னிரண்டு மில்லிகிராம் அளவே நியாசின் உண்டு. அரிசி நொய்யும் இதற்குப் பெரிதும் மேலன்று. மக்காச்சோளத்தில் உள்ளதோ செரிமானத்துக்கு எளிதில் கிட்டாத வடிவில் பிணைந்து கிடக்கிறது. ஆகவே மூன்று வேளையும் கேழ்வரகுக் கூழோ நொய்க்கஞ்சியோ அன்போடு ஊட்டும் வீட்டில், வயிறு நிறைந்த குஞ்சின் கால்கள் நாள்தோறும் வளைந்துகொண்டே போகும். பிரமாதத்தால், அதாவது கவனமின்மையால், நேர்வதையே இம்சை என்று அதே சூத்திரம் வரையறுப்பதை இங்கு நினைவுகூர்தல் தகும்.

இதற்கு மாற்று தொலைவில் இல்லை. அரிசித் தவிடும் நிலக்கடலைப் பிண்ணாக்கும் நியாசின் மிகுந்தவை. ஆனால் பூஞ்சை படிந்த பிண்ணாக்கு வாத்தினத்துக்கு நஞ்சு. 1960இல் இங்கிலாந்தில் நச்சுப்பூஞ்சை கலந்த கடலைப் பிண்ணாக்கால் ஏறத்தாழ ஒரு லட்சம் வான்கோழிகள் மாண்டன. வாத்துக் குஞ்சுகளும் தப்பவில்லை. அந்த ஆய்வின் வழியேதான் அஃப்ளடாக்சின் கண்டறியப்பட்டது. எனவே புதிய பிண்ணாக்கே வேண்டும். கால் ஏற்கெனவே வளைந்துவிட்டால் உணவு மட்டும் போதாது. கால்நடை மருத்துவர் கூறும் அளவில் நியாசினைக் குடிநீரில் கலந்து தர வேண்டும்.

கடையில் விற்கும் குஞ்சுத் தீவனத்தில் கருவாட்டுத்தூள் கலந்திருப்பது உண்டு. நம் இல்லங்களில் பலர் தயங்குவது இங்குதான். இப்பறவை இயல்பிலேயே புல் மேய்வது என்பது பெரிய ஆறுதல். இளம் அருகம்புல்லும் முருங்கைக் கீரையும் அது விரும்பி உண்ணும். 1929இல் தொடங்கப்பட்டு, இப்போது டெல்லிச் செங்கோட்டைக்கு எதிரே லால் மந்திரில் நடந்துவரும் ஜைனப் பறவை மருத்துவமனை, சைவ உணவுப் பறவைகளை உள்நோயாளிகளாக ஏற்கிறது. ஊனுண்ணும் பறவைகளுக்கு வெளியில் வைத்துச் சிகிச்சை தருகிறது. வாத்துக் குஞ்சின் பொருட்டு அத்தகைய சங்கடமே எழாது. ஒன்று மட்டும்: வீட்டார் உபவாசம் இருக்கும் நாளிலும் குஞ்சுக்கு உபவாசம் இல்லை.

இனி, கட்டுதல். கால்கள் இருபுறமும் விரிந்து வழுக்கும் குஞ்சுகளும் உண்டு. பெரும்பாலும் வழவழப்பான தரையோ செய்தித்தாளோ விரித்த பெட்டியோதான் காரணம். தரையில் சாக்கு விரிப்பதே முதல் மருந்து. அடுத்து, இரு கால்களையும் இயல்பாக நிற்கும் அகலத்தில் மெல்லிய ஒட்டுப்பட்டையால் இணைத்துக் கட்ட வேண்டும். பிறந்து சில நாட்களுக்குள் செய்தால் ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் பயன் தெரியும். குஞ்சு விரைந்து வளர்வதால் நாளுக்கு இருமுறை கட்டைச் சோதித்துத் தளர்த்துதல் வேண்டும். இல்லையேல் பாதம் வீங்கும். வெதுவெதுப்பான நீர்த்தொட்டியில் சில நிமிடம் மிதக்கவிட்டால் உடற்பாரமின்றிக் கால்கள் துழாவிப் பழகும். தாயின் அணைப்பிலிருந்து எண்ணெய்ப் பசை பெறாத மென்தூவி நனைந்து குளிரும். உடனே துவட்ட வேண்டும். இரவில் வெப்பத்துக்கு விளக்கு வைப்போர் அதன்மேல் நுண்ணிய வலை இடுவாராயின் விட்டில்களும் மாளா. கணுவில் தசைநாண் விலகிப் பாதம் பக்கவாட்டில் திரும்பியிருந்தால் வீட்டு வைத்தியம் உதவாது. அன்றே கால்நடை மருந்தகம் செல்ல வேண்டும்.

காலைக் கட்டுவது அதிசாரம் ஆகாதா என்று சிலர் கேட்பர். பூஜ்யபாதர் சர்வார்த்தசித்தியில் தரும் விளக்கப்படி, ஓர் உயிரை அது விரும்பும் இடத்துக்குப் போகவொட்டாமல் தடுப்பதே பந்தம். இப்பட்டையோ போக இயலாததைப் போகச் செய்வது, ஆகவே பந்தமன்று. அதே அளவுகோலைக் குணமான பின்னும் வைத்துப் பார்த்தால் விடை மாறிவிடும். நடக்கத் தொடங்கிய பறவையைப் பிரிய மனமின்றிக் கூண்டில் வைப்பது பந்தமே. அசோதரனின் பொற்கூடும் அதுவே.

பிரிவு எளிதன்று. முட்டையிலிருந்து வெளிவந்த உடன் காணும் உயிரையே இக்குஞ்சு தாயாகப் பற்றும் என்பதைக் கொன்ராட் லாரன்ஸ் விரிவாக ஆராய்ந்தார். 1973இல் நோபல் பரிசு பெற்ற அறிஞருள் அவரும் ஒருவர். தனியே வளரும் குஞ்சு மனிதரின் பின்னேயே அலையும்; தன் இனத்தைக் கண்டால் அஞ்சும். ஆதலால் சிகிச்சையின்போதே இன்னொரு வாத்துக் குஞ்சின் துணை இருப்பது நலம். அதற்காகச் சந்தையில் விலைகொடுத்து வாங்கினால், விற்பவர் அடுத்த வாரம் மேலும் இரண்டு கொண்டுவருவார். அக்கம்பக்கத்துத் தோட்டத்தில் இரவல் கேட்பதே மேல். ஏரியில் கண்டெடுத்த காட்டுப் பறவையாயின் வனத்துறையிடமே ஒப்படைக்க வேண்டும்; சட்டம் அதுவே.

வளர்ப்பினமாயின், கொல்லாத தோட்டம் ஒன்றைத் தேடுதல் இருப்பதிலேயே கடினமான வேலை. இப்பறவை இருபது ஆண்டு வாழக்கூடியது. கிடைத்தபின் முதல் வாரம் வலைத்தடுப்பின் மறுபுறம் வைத்து, மந்தையோடு முகம் பழகவிட்டு, பிறகே தடுப்பை நீக்க வேண்டும். சற்றே தாங்கி நடக்கும் பறவையை மற்றவை தொடக்கத்தில் கொத்தும். தண்ணீரில் அவ்வேறுபாடு தெரியாது. ஆகவே குளமுள்ள தோட்டமாகப் பார்ப்பது நன்று.