கண்ணாடிப் பேழைக்குள் ஆடைகள்



பழைய ஆடைகளின் காட்சிக்குச் சிறு பிள்ளைகளை ஏன் அழைத்துச் செல்ல வேண்டும் எனக் கேட்போர் உளர். பெரியவர்கள் ஆடையின் அழகைப் பார்ப்பர். பிள்ளைகளோ அதனுள் இருந்த மனிதரைத் தேடுவர்.

இலண்டன் விக்ரோரியா அல்பேட் நூதனசாலைக்கு என் தங்கையின் பிள்ளைகளுடன் சென்றிருந்தேன். 1740களின் அரசவைக் கவுண் ஒன்று இருபுறமும் அகன்று விரிந்து நின்றது.

“மாமா, இதோடை கதவுக்குள்ளாலை எப்படிப் போறது?” என்றாள் மூத்தவள்.

“பக்கவாட்டாகத்தான்” என்றேன்.

“அப்ப ஒரு வேலையும் செய்ய ஏலாதே!”

வேலை செய்யத் தேவையற்றவள் என்று காட்டத்தான் அத்தனை அகலம்!

அடுத்து, சோழமண்டலக் கரையிலே சாயந்தீட்டிய பருத்தித் துணிகள். உள்ளூர் நெசவாளரின் கிளர்ச்சியால், இத்தகைய துணிகளை உடுப்பதை 1721இல் இங்கிலாந்து தடைசெய்தது. 1774இலேயே அத்தடை நீங்கியது.

“இந்தச் சிவப்பு எங்கையிருந்து வந்தது?” என்றான் இளையவன்.

சாயவேரிலிருந்து என்றேன். ஒல்லாந்தர் காலத்தில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் அவ்வேரைத் தோண்டியெடுத்தார்கள் என்றும் சொன்னேன்.

“தோண்டின ஆக்களின்ரை உடுப்பு எங்கை?”

பேழைகளில் அது இல்லை. உழைப்பவரின் ஆடை கிழியும்வரை உடுக்கப்பட்டுக் கந்தலாகி மறையும். உடுக்காமல் பேணிய ஆடையே பெரும்பாலும் நூதனசாலைக்கு வந்து சேரும்.

சங்கப் பாடலில் ‘கலிங்கம்’ என்ற சொல் வருகிறது. ஆடை என்று பொருள் சொன்னால் மட்டும் போதுமா? நெய்தவர் யார், சாயமிட்டவர் யார் என்ற கேள்விகளும் வகுப்பறையில் எழவேண்டும். அக்கேள்விகளைப் பிள்ளைகள் தாமாகவே கேட்பார்கள். அவர்களைக் கேட்கவிடுவோம்.