ரத்தம் உறையாத ஊசியும் தைரொயிட் துண்டும்

(தோட்டத்து மாதர் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



கண்டிப் பக்கத்துக்குக் கழுத்துக் கழலை புதுசில்லை. நம்ம பாட்டிமார் காலத்தில் எத்தனையோ பெண்களுக்குக் கழுத்து வீங்கியிருந்தது. 1995-ல் அயடீன் உப்பை அரசாங்கம் கட்டாயமாக்கிய பிறகு அது குறைந்தது. ஆனாலும் தைரொயிட் வருத்தம் போய்விடவில்லை. கண்டி, பேராதனை கிளினிக்குகளுக்கு நம்மவர்கள் இன்றைக்கும் போய்த்தான் வருகிறார்கள். அந்த ரத்தப் பரிசோதனையில் வரக்கூடிய ஒரு குழப்பத்தைப் பற்றித்தான் நாங்கள் பேச வந்தோம்.

காலில் ரத்தம் கட்டினவர்களுக்கும், சில ஒப்பரேசனுக்குப் பிறகும் ஹெப்பாரின் அல்லது எனொக்ஸபாரின் என்ற ஊசி போடுவார்கள். இருதய வால்வு மாற்றின பெண் பிள்ளைத்தாச்சியானால், வோர்பரின் குளிசை வயிற்றுப் பிள்ளைக்குக் கெடுதல் என்று சில மாதங்களுக்கு இந்த ஊசிக்கு மாற்றுவதும் உண்டு. நல்ல மருந்து, உயிர் காக்கிற மருந்து. ஆனால் இதைப் போட்ட கையோடு ரத்தம் எடுத்தால், தைரொயிட் துண்டில் "ப்ரீ டீ-4" என்ற கணக்கு பொய்யாக ஏறி வரலாம்.

எப்படி என்று கேட்பீங்க. தைரொயிட் சுரக்கும் டீ-4 ரத்தத்தில் தனியே திரிவதில்லை. பஸ்ஸில் ஆசனம் பிடித்த மாதிரி புரதங்களில் ஒட்டிக்கொண்டு போகும். 10,000 பங்கில் 2, 3 பங்குதான் ஆசனமில்லாமல் நிற்கும். அதைத்தான் ப்ரீ டீ-4 என்று அளக்கிறார்கள். ஹெப்பாரின் உடம்புக்குள் போனால் கொழுப்பை உடைக்கிற ஒரு நொதி ரத்தத்தில் இறங்குகிறது. எடுத்த ரத்தம் போத்தலில் இருக்கும்போதும் அது சும்மா இருக்காது. கொழுப்பை உடைத்துக்கொண்டே இருக்கும். உடைந்து வரும் கொழுப்பமிலம் டீ-4-ஐ ஆசனத்திலிருந்து தள்ளிவிடும். எண்ணுகிறபோது நிற்கிறவர்கள் கூட. உடம்பில் வருத்தம் கூடவில்லை, போத்தலில்தான் கூடியிருக்கிறது!

நேரம் போகப் போக இது ஏறும். கலஹாவிலோ தெல்தோட்டையிலோ எடுத்த ரத்தம் கண்டிக்குப் போய்ச் சேரும்வரை வெக்கையில் கிடந்தால் இன்னும் மோசம்.

"டீ.எஸ்.எச்." என்ற மற்றக் கணக்கை இது கெடுப்பதில்லை. அது சரியாக இருந்து, நெஞ்சுப் படபடப்பு, கை நடுக்கம், மெலிவு ஒன்றுமில்லாமல், ப்ரீ டீ-4 மட்டும் ஏறியிருந்தால் டொக்டர் சந்தேகப்படுவார். ஆனால் ஊசி போட்ட சங்கதி அவருக்குத் தெரிந்திருக்க வேணுமே! தெரியாவிட்டால் தைரொட்சின் குளிசையைக் குறைத்துவிடலாம், அல்லது தேவையில்லாத மருந்தைத் தொடங்கிவிடலாம். பிள்ளைத்தாச்சிக்கு இது சின்ன விசயமில்லை. முதல் மாதங்களில் வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்வது தாயின் தைரொயிட்டை நம்பித்தான்.

வோர்பரின் குளிசை இப்படிப் போத்தலில் விளையாடுவதில்லை. அதன் தொந்தரவு வேறு. தைரொட்சின் புதிதாகத் தொடங்கினாலோ கூட்டினாலோ வோர்பரினின் வேகம் ஏறி ரத்தம் கசியலாம். ஆகவே இரண்டு கிளினிக்குக்கும் போகிறவர்கள் ஒரு கிளினிக் கொப்பியை மற்றதிலும் காட்டுங்கள். நம்மவர்கள் ஒன்றை லயத்தில் பெட்டிக்குள் பூட்டிவைத்துவிட்டுத்தான் போவார்கள்!

இதைக் கேட்டுவிட்டு யாரும் ஊசியை நிறுத்திவிடாதீங்க. கட்டின ரத்தம் நுரையீரலுக்கு ஏறினால் ஆளே போய்விடும். அடுத்த ஊசிக்கு முன்னால் ரத்தம் எடுக்கலாமா என்று டொக்டரிடமோ நர்ஸ் அம்மாவிடமோ கேளுங்கள். எனொக்ஸபாரின் என்றால் கடைசி ஊசிக்குப் பிறகு 10 மணித்தியாலமாவது போயிருப்பது நல்லது. காலை 6 மணிக்கு ஊசி என்றால், முதலில் ரத்தம், பிறகு ஊசி. மருந்தின் பெயரும் போட்ட நேரமும் துண்டில் இருக்கட்டும். எழுதத் தெரியாதவர்கள் நம்ம டிஸ்பென்சரியில் கேட்டால் எழுதித் தருவாங்க.