வாசிச்சுக் காட்டுறதும் எங்கட வேலைதான்

(ஸ்காபரோவில் நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுத்தமிழ் வந்த இடங்களை அப்படியே விட்டிருக்கிறேன்.)



என்ன தலைப்பில் பேசப்போறீங்கள் எண்டு ஏற்பாட்டுக் குழுவில இருந்து ஒரு தம்பி கேட்டவர். "சின்னப் பிள்ளையளுக்குப் புத்தகம் வாசிச்சுக் காட்டுறது" எண்டு சொன்னன். போனில கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு நல்ல மரியாதையா, "அக்கா, வாடகைப் பிரச்சினை, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் போராட்டம், இதுகளுக்கு நடுவில..." எண்டு இழுத்தார்.

அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். போன கூட்டத்தை ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோ. அந்த மூலையில நாலு பிள்ளையள் இருந்தவை. நாலு பேரின் கையிலும் போன். ஒரு அம்மா பேச எழும்பினவ. பிள்ளை அழத் தொடங்கியதும் தூக்கிக்கொண்டு வெளியில போனவ, திரும்பி வரவில்லை. அவ என்ன சொல்ல வந்தவ எண்டு எங்களில ஒருத்தருக்கும் இன்றுவரை தெரியாது.

நான் 14 வருசமாக டே கெயாரில் வேலை செய்கிறேன். ஒரு வயதில் இருந்து ஐந்து வயது வரையான பிள்ளைகளுக்கு ஒவ்வொரு நாளும் வாசித்துக் காட்டுவது என் சம்பள வேலை. ஆனால் என் சொந்த மகனுக்கு நான் தமிழில் ஒரு புத்தகம்கூட வாசிக்கவில்லை. அவனுக்கு நாலு வயதாக இருந்தபோது ஒரு ஆசிரியை, "வீட்டிலும் ஆங்கிலத்திலேயே கதையுங்கள், இல்லாட்டில் பிள்ளை பின்தங்கிவிடும்" என்று சொன்னார். நானும் நம்பினேன். அப்போது நாங்கள் இரண்டு பேரும் இரவு ஷிப்ட். நம்புவதும் லேசாக இருந்தது.

இப்போது அவனுக்கு 19 வயது. போன வருடம் ஊரில என்ர அம்மா படுக்கையில விழுந்தா. வீடியோவில பேரனோட கதைக்க ஆசைப்பட்டவ. அவன் "அம்மம்மா, சாப்பிட்டீங்களா?" எண்டு கேட்டான். அவ சாப்பிட்டதையும், கிணத்தடி மாமரம் காய்ச்சதையும், அவன் பிறந்த நேரம் தான் கண்ட கனவையும் சொல்லத் தொடங்கினா. அவன் சிரிச்சுத் தலையாட்டினான். திரும்பவும், "சாப்பிட்டீங்களா?" எண்டு கேட்டான். அவனிடம் இருந்த தமிழ் அவ்வளவுதான். அம்மா பிறகு கனநாள் இருக்கவில்லை.

இதைச் சொல்வது உங்களை அழ வைக்க இல்லை. அந்த ஆசிரியை சொன்னது பிழை என்று தெரிந்துகொள்ள எனக்குப் பல வருடங்கள் எடுத்தது. உங்களுக்கு அவ்வளவு காலம் எடுக்கக்கூடாது.

வாசிச்சுக் காட்டுறதால என்ன நடக்கிறது? பிள்ளை பிறப்பதற்கு முன்பே தொடங்குகிறது. 1986ல் டிகாஸ்பரும் ஸ்பென்ஸும் ஒரு ஆய்வு செய்தார்கள். கர்ப்பத்தின் கடைசி வாரங்களில் தாய்மார் ஒரே கதையை ஒவ்வொரு நாளும் சத்தமாக வாசித்தார்கள். பிறந்து சில நாட்களேயான குழந்தைகள், கேட்டிராத கதையைவிட அந்தக் கதையின் ஓசையையே விரும்பிக் கேட்டன. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம், பிறந்த நாளில் இருந்தே வாசித்துக் காட்டச் சொல்லிப் பெற்றோருக்கு அறிவுரை கொடுக்கும்படி 2014ல் தன் மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டது.

இரண்டாவது, சொற்கள். நாங்கள் பிள்ளையோட கதைக்கிறது பெரும்பாலும் "வா, சாப்பிடு, சப்பாத்தைப் போடு, ஓடாதை" எண்ட அளவுதான். 2015ல் மொண்டாக், ஜோன்ஸ், ஸ்மித் ஆகிய ஆய்வாளர்கள் 100 படப்புத்தகங்களைப் பெற்றோரின் பேச்சோடு ஒப்பிட்டார்கள். அதே அளவு பேச்சில் இருப்பதைவிடப் புத்தகங்களில் வெவ்வேறு சொற்கள் அதிகம் இருந்தன. முதலை, கலங்கரை விளக்கம், பொறாமை என்ற சொற்களை ஸ்காபரோவில் ஒரு பிள்ளை தமிழில் எங்கே கேட்கும்? சமையலறையில் கேட்காது.

தமிழுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. நாங்கள் ஒரு மாதிரிக் கதைக்கிறம், வேறு மாதிரி எழுதுறம். வீட்டில் தமிழ் கேட்டு வளர்ந்த பிள்ளையும் புத்தகத்தைத் திறந்தால் அது அந்நிய மொழி போலத்தான் இருக்கும். என் மகளுக்கு மூன்றரை வயதில் வாசிக்கத் தொடங்கினேன். இரண்டாம் நாளே அவள் கேட்டாள்: "அம்மா, ஏன் 'என்று' எண்டு சொல்லுறீங்கள்? நீங்கள் 'எண்டு' எண்டுதானே சொல்லுறனீங்கள்?" நான், "இது புத்தகத்தின்ர குரல்" எண்டு சொன்னன். ஒரு மாதம் போகவில்லை. புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பொம்மைக்கு, "பூனைகள் வந்தன" எண்டு வாசிச்சுக்கொண்டிருந்தாள். எங்கட வீட்டில ஒருத்தரும் "வந்தன" எண்டு கதைக்கிறதில்லை. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் பிள்ளைகள் மாரடிக்கிற எழுத்துத்தமிழ், அவளுக்கு மடியில் இருந்தபடியே காதால் வந்து சேர்ந்தது.

சரி, அப்படியெண்டால் ஏன் எல்லாரும் செய்வதில்லை? இங்கேதான் இது அரசியல் ஆகிறது.

1995ல் ஹார்ட், ரிஸ்லி என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், ஏழை வீட்டுப் பிள்ளைகள் சின்ன வயதிலேயே 3 கோடி சொற்கள் குறைவாகக் கேட்கிறார்கள் என்று எழுதினார்கள். அந்த எண் உலகம் முழுக்கப் போனது. அவர்கள் பார்த்தது 42 குடும்பங்களைத்தான். அண்ணா, அக்கா, அம்மம்மா, பக்கத்து வீட்டுக்காரர் என்று பிள்ளையைச் சுற்றிக் கேட்கிற பேச்சையும் சேர்த்துப் பார்த்த பிந்திய ஆய்வாளர்கள் அந்தக் கணக்கைக் கேள்விக்குள்ளாக்கினார்கள். ஆனாலும் பழி தாய்மாரின் தலையில்தான் விழுந்தது. "நீங்கள் பிள்ளையோட கதைக்கிறது போதாது." வேர்ஹவுஸில் பத்து மணித்தியாலம் நின்றுவிட்டு, இரண்டு பஸ் மாறி வருகிற ஒரு பெண்ணிடம் இதைச் சொல்ல வாய் கூசாதா? அவவிடம் சொற்கள் இருக்கு. நேரம்தான் இல்லை. பிள்ளைக்கு வாசிக்க இருபது நிமிடம் வேண்டும் என்பது சம்பளத்தையும் வேலைநேரத்தையும் பற்றிய கோரிக்கை. எங்கள் கோரிக்கைப் பட்டியலில் அதுவும் இருக்க வேண்டும்.

அந்த நேரம் கிடைக்கும்வரை சும்மா இருக்கச் சொல்லவில்லை. சத்தமாக வாசிப்பது எங்கள் வர்க்கத்தின் பழைய பழக்கம். 1865ல் ஹவானாவின் சுருட்டுத் தொழிற்சாலைகளில் தொழிலாளர் தங்கள் கூலியில் ஒரு பங்கைப் போட்டு ஒரு வாசிப்பாளரை வைத்துக்கொண்டார்கள். அவர் உயரமான இடத்தில் இருந்து பத்திரிகையும் நாவலும் வாசிப்பார், மற்றவர்கள் கேட்டபடியே சுருட்டுச் சுற்றுவார்கள். அடுத்த வருடமே அரசு அதைத் தடைசெய்தது. வழக்கம் சாகவில்லை, கடல் கடந்து புளோரிடாவுக்கும் போனது. 1931ல் டாம்பாவில் முதலாளிகள் வாசிப்பாளர்களை நீக்கியபோது தொழிலாளர் வேலையை விட்டு வெளியேறினார்கள். கேரளத்தின் கண்ணூரில் பீடித் தொழிலாளரிடமும் இதே வழக்கம் இருந்தது. வாசிக்கிறவரின் பங்குப் பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுப்பார்கள்.

என் அப்பப்பா யாழ்ப்பாணத்தில் சுருட்டுக் கொட்டிலில வேலை செய்தவர். எழுத வாசிக்கத் தெரியாது. ஆனால் உலக நடப்பு முழுக்கத் தெரியும். "ஒருத்தன் பேப்பர் வாசிப்பான், நாங்கள் சுத்துவம்" எண்டு சொல்லுவார். எங்கள் ஊரில் புராணப் படிப்பும் அப்படித்தான். கோயிலில் ஒருவர் பாட்டைப் படிப்பார், மற்றவர் பயன் சொல்லுவார். அந்தக் கோயிலுக்குள்ளே அப்பப்பாவை விடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சாதி வெளியில் நிறுத்திய மனிதருக்குக் கொட்டிலில் ஒரு தோழர் வாசித்துக் காட்டினார். வாசிப்பைப் பகிர்வது என்றால் என்ன என்பதை நான் அவரிடம் இருந்துதான் படித்தேன்.

எப்படி வாசிக்க வேண்டும்? ஒன்றுதான் முக்கியம்: நிறுத்தி, கேட்டு, பிள்ளையைக் கதைக்க விடுங்கள். 1988ல் வைட்ஹர்ஸ்டும் சகாக்களும் இதை ஒரு மாதம் பரிசோதித்தார்கள். "இது என்ன?" என்று நிறுத்தாமல், "யானை ஏன் அழுது? பிறகு என்ன நடக்கும்?" என்று கேட்டு, பிள்ளையின் பதிலை இன்னும் கொஞ்சம் நீட்டிச் சொல்லிக் கொடுத்தார்கள். வழமைபோல் வாசித்த வீட்டுப் பிள்ளைகளைவிட அந்தப் பிள்ளைகளின் பேச்சு முன்னேறியது. அதே புத்தகத்தை முப்பதாம் தரம் கேட்டாலும் வாசியுங்கோ. உங்களுக்குத்தான் அலுப்பு, பிள்ளைக்கு இல்லை. கைக்குழந்தை புத்தகத்தைக் கடித்தால் கடிக்கட்டும்.

புத்தகம் இல்லை என்று சொல்ல முடியாது. ரொறன்ரோ நூலகத்தில் தமிழ்ப் புத்தகங்கள் இருக்கு. சென்னையில் தூலிகா பதிப்பகம் 1996ல் இருந்து தமிழிலும் இருமொழியிலும் படப்புத்தகம் போடுகிறது. பிரதம் புக்ஸ் 2015ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாக எடுத்து அச்சடிக்கலாம். "தந்தி" என்ற இடத்தில் எங்கள் பிள்ளைக்குப் புரியாவிட்டால் எங்கள் வழக்கில் மாற்றிச் சொல்லவும் அந்த உரிமம் இடம் தருகிறது.

உங்களில் பலர் இப்போது மனதுக்குள், "எனக்கே தமிழ் வாசிக்க வராதே" எண்டு நினைக்கிறது எனக்குத் தெரியும். போன மாதம் வேலையால வீட்டுக்கு வந்தனான். என் மகன் நிலத்தில இருந்து, தங்கச்சியின்ர பழைய யானைப் புத்தகத்தை எழுத்துக்கூட்டி வாசிச்சுக்கொண்டிருந்தான். பக்கத்தில மாமியின்ர ரெண்டு வயசுப் பேத்தி. "யா... னை... அ... ழு... தது." அவள் பொறுமையாக் காத்திருந்து, ஒவ்வொரு சொல் முடியவும் கை தட்டினாள். இவ்வளவு நல்ல வகுப்பு வேற எங்கயும் கிடைக்காது. அவன் பிழைவிட்டால் சிரிக்க அங்க ஒருத்தரும் இல்லை.

அதனால் என் பிரேரணை இது. அடுத்த கூட்டத்தில் இருந்து அந்த மூலையில் ஒரு பாய், ஒரு பெட்டி புத்தகம், முறை வைத்து ஒரு ஆள். முதல் மூன்று முறையும் ஆம்பிளையள். பேச்சாளர் பட்டியல் போடும்போதே வாசிப்பவர் பெயரும் போட வேண்டும். பெட்டியை நான் கொண்டுவருகிறேன். பாய்க்கு ஆள் தேவை.

போன முறை வெளியில் போன அந்த அம்மாவுக்கும் நான் சொல்லியிருக்கிறேன். அடுத்த முறை வாறன் எண்டு சொன்னவ. அவ பேசி முடிக்கும்வரை பிள்ளைக்கு வாசிக்கப்போறது ஆர்? கையைத் தூக்குங்கோ, பெயரை எழுதிக்கொள்ளுறன்.