கொட்டச் சொன்னவனும் கட்டச் சொன்னவனும்

இன்னைக்கு மலேரியாவைப் பத்திப் பேசப்போறேன். நோயைவிட, அதை ஊர்ல எப்படிச் சொல்றதுன்னு நான் கத்துக்கிட்டதைத்தான் அதிகம் பேசுவேன்.

சிக்கல் பக்கம் சுகாதாரப் பணியில இருந்தவன் நான். எங்க பகுதியில தண்ணி அருமை. ஊத்துத் தோண்டி, அகப்பையால மொண்டு, தள்ளுவண்டியில குடங்களை வச்சுத் தள்ளிட்டு வருவாங்க. அப்படிப்பட்ட வீட்டு வாசல்ல நின்னு, "வாரம் ஒரு தடவை தண்ணியைக் கொட்டிக் காய வையுங்க"ன்னு நோட்டீஸை அப்படியே வாசிச்சேன். ஒரு அக்கா கேட்டாங்க: "தம்பி, இந்த நாலு கொடத்துக்கு ராத்திரி பூரா ஊத்துல காத்துக் கெடந்தேன். கொட்டச் சொல்றீகளே?"

என்கிட்ட பதில் இல்லை. தப்பு அவங்க மேல இல்ல, என் பேச்சு மேல.

இன்னொரு சிக்கலும் இருந்தது. கொசுன்னா சாக்கடைன்னுதான் எல்லாரும் நினைச்சிருந்தாங்க. ஆனா மலேரியாவைப் பரப்புற அனாபிலஸ் ஸ்டீபன்சி கிணறு, தொட்டி, ட்ரம்னு நல்ல தண்ணியிலதான் முட்டையிடும். அதனால அடுத்த முறை நோட்டீஸை எடுத்துட்டுப் போகலை, டார்ச் லைட்டை எடுத்துட்டுப் போனேன். ட்ரம்முக்குள்ள வெளிச்சம் அடிச்சு, தண்ணி மட்டத்தோட படுத்தாப்ல கிடந்த புழுவைக் காட்டினேன். கொட்டச் சொல்லலை. "பழைய வேட்டித் துணியை வாயில இறுக்கிக் கட்டுங்க. தண்ணி தீர்ந்ததும் தேய்ச்சுக் கழுவிட்டு அடுத்ததை ஊத்துங்க"ன்னேன். கிணத்துக்குக் கம்பூசியா மீன். இதை யாரும் மறுக்கலை.

அடுத்தது மாத்திரை. விவாக்ஸ் வகை மலேரியாவுக்கு ப்ரைமாகுயின் 14 நாள் சாப்பிடணும். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் அது கூடாது, டாக்டர் சொல்றபடிதான். ஆனா சில நாள்லயே காய்ச்சல் விட்டுடும், மிச்ச மாத்திரை மாடக்குழிக்குப் போயிடும். கல்லீரல்ல ஒளிஞ்சிருக்கிற கிருமி மாசக்கணக்குக் கழிச்சும் திரும்பக் கிளம்பும். இதை நான் விளக்கி விளக்கிப் பார்த்தேன், எடுபடலை. கரிமூட்டம் போடுற ஒரு பெரியவர்தான் சொன்னார்: "சீமைக்கருவேலம் மாதிரின்னு சொல்லுய்யா. மேல வெட்டினா தூர்லேருந்து தழைக்கும்ல? தூரோட எடுக்கணும்." அன்னையிலிருந்து அவர் வாக்கியத்தைத்தான் நான் எல்லா வீட்டிலயும் சொன்னேன்.

கடலுக்கு அந்தப் பக்கம் பாருங்க. 1963இல் இலங்கையில மலேரியா வெறும் 17 பேருக்குத்தான். இனி வராதுன்னு கண்காணிப்பைத் தளர்த்தினாங்க. 1969இல் 5 லட்சத்தைத் தாண்டிடுச்சு. அப்புறம் பல வருஷம் பாடுபட்டு, 2016 செப்டம்பரில் மலேரியா இல்லாத நாடுன்னு உலக சுகாதார நிறுவனத்தோட சான்று வாங்கினாங்க. அதுக்கப்புறமும் காய்ச்சல்னு வந்தா ரத்தம் எடுத்துப் பார்க்கிறதை விடலை.

நாமும் விடக்கூடாது. குளிர் காய்ச்சல் வந்தா கடையில மாத்திரை வாங்கிப் போட்டுட்டுப் படுக்காதீங்க. ஆரம்ப சுகாதார நிலையத்துல ரத்தப் பரிசோதனை இலவசம்தான்.

ஊருக்குச் சொல்லப் போற தம்பி தங்கைகளுக்கு ஒண்ணு: முதல்ல அந்த வீட்டுக்குத் தண்ணி எங்கேருந்து வருதுன்னு கேளுங்க. அப்புறம் கொசுவைப் பத்திப் பேசலாம்.