குழாய் வெட்டும் முன்



வேலைக்குச் சேர்ந்த புதிதில், நாமக்கல் லாரி உரிமையாளர் ஒருவர் கேட்டார்: "தம்பி, டர்போ வண்டி மேட்டுல இழுக்கல, கரும்புகை தள்ளுது. 3 அங்குல சைலன்சர் குழாயை 4 ஆக்கலாமா?"

கணக்குப் போட்டேன். உள்பரப்பு 9-க்கு 16. டர்போவுக்குப் பின்னால் தடை குறைந்தால் டர்பைன் நன்றாகச் சுற்றும். "மாத்திடுங்கண்ணா" என்றேன். மாற்றினார். சத்தம்தான் கூடியது!

கடைசியில் ஒரு பழைய மெக்கானிக், டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸில் விரிசலைக் காட்டினார். காற்று அங்கே கசிந்ததால்தான் புகை.

கணக்கு சரி, அளக்காததுதான் தப்பு. தம்பிகளே, முதலில் கசிவைத் தேடுங்கள். முழு லோடில் கேஜ் வைத்துத் தடையை அளங்கள். தடை இல்லாவிட்டால் பெரிய குழாய் வீண் செலவு. அந்தச் செலவு நம்முடையதல்ல, நம்மை நம்பியவருடையது.